எண்ணெய் ஆகாத கை

சிலிண்டர் அக்கா தலைக்கு எண்ணெய் வைப்பதை விட்டு இருபத்தாறு வருஷம் ஆகிறது. காய்ந்து பறக்கும் அந்தக் கூந்தலைப் பார்த்து உறவுக்காரப் பெண்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். அக்காவும் தலையாட்டிக் கேட்டுக்கொள்வாள். காரணத்தைச் சொன்னால் கதை விடுகிறாள் என்பார்கள், அதனால் சொல்வதில்லை. காரணம் அவள் பார்க்கிற வேலை.

பெரிய மருத்துவமனை ஒன்றின் பின்பக்கத்தில், துணி வெளுக்கும் கூடத்தை ஒட்டி வாயு அறை என்று ஒன்று உண்டு. ஆள் உயர ஆக்சிஜன் சிலிண்டர்கள் வரிசையாகச் சங்கிலி போட்டு நிற்கும். அங்கிருந்து கிளம்பும் செம்புக் குழாய்கள் சுவர் வழியாக ஓடி நானூறு கட்டில்களின் தலைமாட்டில் முடியும். அவற்றைப் பார்த்துக்கொள்ளும் நான்கு பேரில் இவள்தான் சீனியர். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், பயிற்சி கொடுத்தவர் ஒரு பழைய வால்வுக்குள் எண்ணெய் பட்ட பஞ்சைத் துளியூண்டு வைத்தார். எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு ஆக்சிஜனைத் திறந்துவிட்டார். கண்ணைப் பறிக்கும் வெள்ளை வெளிச்சம் ஒன்று வந்து போனது. திரும்பிப் பார்த்தால் பாதி வால்வைக் காணோம், எரிந்துபோயிருந்தது. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் மூன்று தடவை சோப்புப் போட்டுத் தலையை அலசினாள்.

அதிலிருந்து எண்ணெய், கிரீஸ், கைக்குத் தடவும் கிரீம் எதுவும் அவளுக்கு ஆகாது. குழாயைத் தொடுமுன் கையைச் சோப்பால் கழுவுவாள். மாட்டப்போகும் மரையை ஸ்பிரிட் துணியால் துடைப்பாள். துடைத்ததை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு இன்னொரு தடவை துடைப்பாள். வீட்டில் வறுப்பது பொரிப்பதெல்லாம் புருஷன் பொறுப்பு.

புருஷனுக்கும் ஊரில் பெயரில்லை, டெய்லர்தான். வீட்டு முன்னறையில் மிஷினைப் போட்டுக்கொண்டு, வாங்கிய துணியை ஆளுக்குத் தகுந்தபடி மாற்றித் தருகிறவர். நீளத்தைக் குறைப்பார், இடுப்பைப் பிரிப்பார், ஜிப் மாற்றுவார். காலையில் எழுந்ததும் அவர் செய்கிற முதல் காரியம், நீள மூக்கு வைத்த எண்ணெய்க் குப்பியை எடுத்து மிஷினின் பதினோரு துளைகளிலும் சொட்டு விடுவது. ஒரே கூரையின் கீழ் ஒருத்தருக்கு எண்ணெயில்லாமல் வேலை ஓடாது, இன்னொருத்திக்கு எண்ணெய் பட்டால் வேலை போய்விடும். இந்த லட்சணத்தில் இருபத்திரண்டு வருஷம் சண்டையில்லாமல் ஓட்டிவிட்டார்கள். சண்டையே இல்லை என்று சொன்னால் அது பொய். துண்டு விஷயத்தில் சண்டை உண்டு. இவர் கை துடைத்த துண்டில் அவள் கை துடைக்கமாட்டாள்.

போன வருஷக் கடைசியில் அக்காவுக்கு வலது கண்ணில் கோளாறு என்று தெரிந்தது. கண்ணுக்குள் அழுத்தம் கூடியிருக்கிறது என்றார் டாக்டர். அழுத்தம் என்றதும் பழக்க தோஷத்தில் "எத்தனை காட்டுது?" என்று கேட்டாள் அக்கா. டாக்டர் சொன்ன எண் அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அவள் நாள் முழுக்கப் பார்க்கும் மானிகளில் முள் அதைவிடப் பல மடங்கு மேலே நிற்கும். ஆனால் வலது ஓரத்துப் பார்வை போய்விட்டது, போனது வராது, இருப்பதை மருந்தால் காப்பாற்றலாம், இவ்வளவுதான் விஷயம். நேரே இருப்பது நன்றாகத் தெரியும், அதனால் வேலைக்குத் தடையில்லை. கார் ஓட்டக்கூடாது. இந்த மாதக் கடைசிக்குள் லைசென்ஸை ஒப்படைத்துவிட வேண்டும்.

வேலைக்குத் தடையில்லை என்று டாக்டர் சொன்னது சரிதான், வேலைக்குப் போய்ச் சேருவது எப்படி என்று அவர் சொல்லவில்லை. ஷிப்ட் காலை ஐந்தரைக்கு. முதல் பஸ் ஆறேகாலுக்கு. ஆஸ்பத்திரியோ ஊரின் மறுகோடியில். ஆக, டெய்லர் கார் ஓட்டப் பழகவேண்டும், இல்லையென்றால் சிலிண்டர் அக்கா வீட்டில் உட்காரவேண்டும். வீட்டில் உட்காருவதை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. நானூறு பேர் மூச்சு விடுகிறார்கள் என்றால் அதில் தன் கையும் இருக்கிறது என்கிற கர்வம் அவளுக்கு உண்டு. வெளியே சொல்லிக்கொண்டதில்லை.

டெய்லர் ஐம்பத்து நாலு வயதில் ஓட்டக் கற்றுக்கொண்ட அழகைத் தனியாகச் சொல்லவேண்டும். ஆக்சிலேட்டரை மிஷின் பெடல் மாதிரி விட்டு விட்டு மிதிப்பார். வண்டி தையல் போட்டுக்கொண்டே போகும். முதல் தேர்வில் டிரைவிங் ஸ்கூல் வண்டியைக் கொடுத்தார்கள். பழக்கமில்லாத பெடல், வண்டி துள்ளி நடைபாதையில் ஏறியது. இரண்டாவது தடவை தங்கள் காரையே கொண்டுபோனார்கள். மேட்டில் நிறுத்தி எடுக்கும்போது பின்னால் உருண்டது. மூன்றாவதில் எல்லாம் சரி, ஆனால் அக்கம்பக்கம் பார்க்கவே இல்லை என்று எழுதிவிட்டார் தேர்வு அதிகாரி. டெய்லரையும் குறை சொல்ல முடியாது. முப்பது வருஷமாக ஊசி முனையையே பார்த்துப் பழகிய கண் பக்கத்தில் எங்கே போகும்?

நாலாவது தேர்வு திங்கட்கிழமை காலை ஒன்பதுக்கு. அதை விட்டால் அடுத்த தேதி மூன்று மாதம் கழித்துத்தான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அக்கா வேலை முடிந்து வரும்போது, ஸ்டியரிங்குக்குப் பின்னால் மஞ்சள் விளக்கு எரிந்தது. என்ஜின் படம் போட்ட விளக்கு. அணைத்துவிட்டு மறுபடி போட்டாள், எரிந்தது. வீட்டு வாசலில் நிறுத்திப் போட்டாள், அப்போதும் எரிந்தது. எச்சரிக்கை விளக்கு எரிகிற வண்டியைத் தேர்வுக்கு எடுப்பதில்லை என்று விண்ணப்பத்தின் பின்பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. நாலு தடவையும் அந்தத் தாளை நிரப்பியவள் அவள்தான்.

அவள் தம்பி உதிரிபாகக் கடையில் இருக்கிறான். சனிக்கிழமை காலை கடைக்குப் போகிற வழியில் வந்து, கைக்கு அடக்கமான ஒரு கருவியை ஸ்டியரிங்குக்கு அடியில் சொருகிப் பார்த்தான்.

"ஆக்சிஜன் சென்ஸார் போச்சுக்கா. புகைக்குழாயில இருக்குமே, அது."

"தெரியும். எட்டு வருஷம் முன்னாடி நான்தானே மாத்தினேன்."

"அப்ப உனக்குச் சொல்லவே வேணாம். வண்டியைக் கொஞ்சம் ஓடவிட்டுச் சூடாக்கு. இந்த ஸ்பிரேயை மரையில நல்லா அடி. ஒரு மணி நேரம் ஊறட்டும். அப்புறம் திருப்பு."

புது சென்ஸார் பெட்டி ஒன்று, அதன் வயர் நுழைவதற்காகப் பக்கத்தில் வெட்டு விட்ட சாக்கெட் ஒன்று, துரு இளக்கும் எண்ணெய் ஸ்பிரே ஒன்று, மூன்றையும் வைத்துவிட்டுப் போனான். பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் 'ஆக்சிஜன்' என்று போட்டிருந்தது.

அக்கா கையைக் கழுவினாள். முழுக்கை சட்டையைப் போட்டுக்கொண்டாள். வண்டியை ஓடவிட்டு அணைத்தாள், சூடு தாக்காமல் மூடியிருந்த தகட்டைக் கழற்றினாள், சென்ஸாரைக் கண்டுபிடித்தாள். ஸ்பிரேயைக் கையில் எடுத்தாள். குலுக்கினாள். கீழே வைத்தாள்.

அவளுக்கு விவரம் தெரியாமலில்லை. புகைக்குழாயில் ஓடுவது புகை. அழுத்தம் கிடையாது, சிலிண்டர் கிடையாது, எரிந்து போவதற்கு ஒன்றும் கிடையாது. தெரிந்து என்ன? கை ஒத்துக்கொள்ளவில்லை. யாரும் பார்க்கவில்லை என்றாலும் சிலர் செருப்போடு பூஜையறைக்குள் போகமாட்டார்கள் அல்லவா, அந்த மாதிரி. சரி, எண்ணெய் இல்லாமலே வருகிறதா பார்ப்போம் என்று சாக்கெட்டை மாட்டித் திருப்பினாள். அசையவில்லை. சாக்கெட்டில் பிடி போதவில்லை என்று தானாகவே ஒரு முடிவுக்கு வந்து, நீளமான திறந்த ஸ்பேனரைப் போட்டு முழு எடையையும் கொடுத்தாள். ஸ்பேனர் சறுக்கியது. நட்டின் இரண்டு முனை மழுங்கியது, அவள் முழங்கை போய்த் தகட்டில் இடித்தது. சென்ஸார் இருந்த இடத்திலேயே இருந்தது.

மத்தியானம் தம்பி போன் செய்தான்.

"வந்துச்சா?"

"வரல."

"ஸ்பிரே அடிச்சியா?"

"ம்."

பொய் சொல்லியே பழக்கமில்லாதவள், அந்த ஒற்றை எழுத்துக்கே அவளுக்கு வியர்த்துவிட்டது.

சாயங்காலம் டெய்லர் வெளியே வந்தார். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. வண்டியையும் பார்த்தார், மூடி திறக்காத ஸ்பிரேயையும் பார்த்தார். வந்தவர் வழக்கம்போல அவளுடைய வலது பக்கமாக வந்து நின்றார். இரண்டு மாதமாக இது ஒரு புதுப் பழக்கம். நடந்து போனாலும் வலது பக்கம் வந்து ஒட்டிக்கொள்வார், கார் ஓட்டினால் இடது சீட்டில் உட்கார்ந்துகொண்டு "வலது பக்கம் லாரி, வலது பக்கம் ஸ்கூட்டர்" என்று தொணதொணப்பார். "தெரியுது, தெரியுது" என்பாள் அக்கா. மூன்று தடவை பெயிலான ஆள் பாடம் நடத்துகிறார் என்று அவளுக்கு எரிச்சல்.

"இதை அடிக்கச் சொன்னானே உன் தம்பி."

"அடிக்க முடியலீங்க."

"மூடி திறக்கலையா?"

"கை போகமாட்டேங்குது. என்னால ஆகல. மழுங்க வேற வச்சுட்டேன்."

டெய்லர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அன்றைக்குச் சாப்பாடு இருந்திருக்காது. "நீ உள்ள போ. போய்க் கையைக் கழுவு" என்றார்.

அவள் உள்ளே போனாள், ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அவர் ஸ்பிரேயை அப்படியே அடித்து விரயம் பண்ணவில்லை. ஒரு மூடியில் பீய்ச்சி, அதைத் தன் காலிக் குப்பி ஒன்றில் ஊற்றி, அதன் நீள மூக்கை மரையின் இடுக்கில் கொண்டுபோய் வைத்து, மிஷினுக்கு விடுவதுபோலச் சொட்டுச் சொட்டாக விட்டார். சுற்றி வந்து மறுபக்கமும் விட்டார். படுக்கப்போகுமுன் ஒரு தடவை, ஞாயிறு விடிந்ததும் ஒரு தடவை.

ஞாயிறு காலை தம்பி ஒரு நீள இரும்புக் குழாயோடு வந்தான். சாக்கெட்டின் பிடியில் குழாயைச் சொருகி இரண்டு பேருமாக அழுத்தினார்கள். பன்றி கத்துவது போல ஒரு சத்தம் போட்டுக்கொண்டு சென்ஸார் கால் சுற்று வந்தது. அப்புறம் அரைச் சுற்று. பத்து நிமிஷத்தில் கையில் வந்துவிட்டது. தம்பி அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான்.

"எந்தப் புண்ணியவான் மாட்டினது இது? மரையில பசை ஒரு பொட்டு இல்ல. வெறும் இரும்பை வெறும் இரும்புல முறுக்கியிருக்கான். ஒட்டிக்காம என்ன செய்யும்?"

அக்கா புதுப் பெட்டியைக் கையில் எடுத்தாள். எட்டு வருஷத்துக்கு முன்னால் மாட்டியது தானேதான் என்று நேற்றுத்தான் அவனிடம் பெருமையடித்திருந்தாள், அது அவனுக்கு ஞாபகமில்லை போலிருக்கிறது. பசை என்று அவன் எதைச் சொல்கிறான் என்பதும் அவளுக்குப் புரியவில்லை. பெட்டியைப் பிரித்தாள். சென்ஸாரை எடுத்தாள். பக்கத்தில் ஸ்பிரிட் துணி தயாராக இருந்தது.

"அக்கா, அக்கா, என்ன பண்ற?"

அவள் குனிந்து பார்த்தாள். மரையில் சாம்பல் நிறத்தில் ஏதோ பூசியிருந்தது. முக்கால்வாசியைத் துடைத்து முடித்திருந்தாள். துணியில் கறையாக இருந்தது. கை அதுபாட்டுக்குத் துடைத்திருக்கிறது, அவள் சொல்லவுமில்லை, அது கேட்கவுமில்லை.

"இதைத்தான் பசைன்னேன். ஒட்டிக்காம இருக்க கம்பெனியிலேயே பூசி அனுப்புறான். நீ அழுக்குன்னு துடைக்கிற."

"அன்னிக்கும் துடைச்சேன்" என்றாள் அக்கா. "ரெண்டு தடவை துடைச்சேன். சுத்தமா மாட்டினேன்னு கேன்டீன்ல எல்லார்கிட்டயும் சொன்னேன்."

தம்பிக்கு விஷயம் புரிய இரண்டு நொடி ஆனது. புரிந்ததும் வாசற்படியில் உட்கார்ந்து சிரித்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தான். "புண்ணியவான்னு சொல்லிட்டேனே, புண்ணியவதின்னு சொல்லியிருக்கணும்" என்றான். டெய்லர் முகத்தைத் திருப்பிக்கொண்டு அளவு நாடாவைச் சுருட்டினார். அக்காவுக்கு அவமானமாக இருந்தது. இருபத்தாறு வருஷத்தில் ஒரு மரைகூடக் கசிய விட்டதில்லை, சொந்தக் கார்தானா இப்படிக் காட்டிக்கொடுக்கவேண்டும்?

தம்பி கடைப் பையிலிருந்து ஒரு சிறு பொட்டலத்தை எடுத்தான். அதே சாம்பல் பசை. "குடு, நான் பூசறேன்" என்றான்.

"வேணாம்" என்றாள் அவள். பொட்டலத்தைப் பிரித்து ஆள்காட்டி விரலில் எடுத்தாள். வழவழவென்று இருந்தது. உடம்பு ஒரு தடவை சிலிர்த்தது. நுனியில் படாமல் மரையில் மட்டும், சுற்றிவர, மெல்லிசாகப் பூசினாள். கையால் திருகி உட்காரவைத்து, சாக்கெட்டால் இறுக்கி, வயரை மாட்டினாள். தம்பி கருவியைச் சொருகிப் பழைய பிழையை அழித்தான். மஞ்சள் விளக்கு போய்விட்டது.

"ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்க. அதுக்குள்ள வரலைன்னா நாளைக்கும் வராது" என்று சொல்லிவிட்டுப் போனான். தெருமுனை வரைக்கும் சிரித்துக்கொண்டே போனான்.

அக்காதான் ஓட்டினாள். மாதக் கடைசிக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது, அதுவரை சட்டம் அவள் பக்கம். டெய்லரை விளக்கைப் பார்க்கச் சொன்னாள். "ரோட்டை நான் பாத்துக்கறேன், நீங்க அதை மட்டும் பாருங்க. ஒரு மின்னு மின்னினாலும் சொல்லணும்." அவரும் இடது சீட்டிலிருந்து எட்டி, ஊசியில் நூல் கோர்க்கிற கண்ணோடு ஸ்டியரிங்குக்குப் பின்னால் பார்த்துக்கொண்டே வந்தார். வெளிவட்டச் சாலையில் ஒரு சுற்று. பாலத்தின் மேலே ஏறி இறங்கினார்கள். விளக்கு வரவில்லை. ஐம்பது நிமிஷம் ஆகிவிட்டது. வண்டி பட்டு மாதிரி ஓடியது. அக்காவுக்கு மனசு லேசாகி, தம்பி சொன்னதை நினைத்துத் தானும் ஒருதரம் சிரித்தாள்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் பெட்ரோல் பங்க் தாண்டி வலது பக்கம் திரும்பவேண்டும். எதிரே வண்டி ஒன்றும் இல்லை. திருப்பினாள்.

"நிறுத்து."

டெய்லர் கத்தவில்லை. ஆனால் அவர் கை அதற்குள் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டது. வண்டி குலுங்கி நின்றது. வலது கதவிலிருந்து ஒரு முழ தூரத்தில் சைக்கிளில் ஒரு ஆள் ஒற்றைக் காலை ஊன்றி நின்றுகொண்டிருந்தான். பின்னால் காய்கறிப் பை தொங்கியது. அவன் இவளைப் பார்த்தான், தலையை ஆட்டிவிட்டு மிதித்துக்கொண்டு போனான்.

அவன் எந்தப் பக்கமிருந்து வந்தான் என்று அக்காவுக்குத் தெரியாது. கொஞ்சம் முன்னால்தான் அந்த இடத்தைப் பார்த்தாள். அங்கே ரோடு இருந்தது, ரோட்டில் யாரும் இல்லை. இந்த இரண்டு மாதத்தில் 'தெரியுது, தெரியுது' என்று சொன்னதில் எத்தனை நிஜமாகத் தெரிந்தது, எத்தனை அவர் சொன்ன பிறகு தெரிந்தது என்று யோசித்தாள். பயந்துவிட்டாள், அதை மறைக்கவும் இல்லை.

"நான் இறங்கறேன்" என்றாள்.

இரண்டு பேரும் இறங்கி இடம் மாறிக்கொண்டார்கள். ஒன்பது நாளைப் பற்றி அவள் பேசவில்லை, அவரும் கேட்கவில்லை. டெய்லர் தையல் போட்டுக்கொண்டே வண்டியை வீடு கொண்டுவந்து சேர்த்தார். வழியெல்லாம் அவள் விளக்கைப் பார்த்துக்கொண்டு வந்தாள். அது கடைசி வரை எரியவில்லை.

திங்கட்கிழமை தேர்வு அலுவலகத்தின் சிமெண்ட் பெஞ்சில் அக்கா உட்கார்ந்திருந்தாள். தேர்வு அதிகாரி சாவியைப் போட்டுப் பார்த்தார். எல்லா விளக்கும் ஒரு தடவை எரிந்து எல்லாம் அணைந்தது. தாளில் ஒரு டிக் போட்டார். டெய்லர் இவள் பக்கம் திரும்பிப் பார்க்காமல் வண்டியை எடுத்தார். மேட்டில் உருளவில்லை, வாசலில் துள்ளவில்லை, அந்த மட்டுக்கும் பார்க்க முடிந்தது. அப்புறம் வண்டி வலது பக்கம் திரும்பி அவள் கண்ணைவிட்டுப் போய்விட்டது.

நாற்பது நிமிஷம். நகத்துக்கு அடியில் இன்னும் சாம்பல் பசை இருந்தது. நாளைக்குக் காலை குழாயைத் தொடுமுன் எடுக்கவேண்டும். நாளைக்குப் போக முடிந்தால்.

வண்டி திரும்பி வந்ததை அவள் கவனிக்கவில்லை. தோளில் கை பட்டதும்தான் திரும்பினாள். டெய்லர் நின்றுகொண்டிருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மனிதர் சந்தோஷம் துக்கம் எல்லாவற்றுக்கும் ஒரே முகத்தை வைத்துக்கொண்டிருப்பவர். தாளை நீட்டினார்.

தேர்ச்சி என்று முத்திரை குத்தியிருந்தது. அக்கா அதை இரண்டு தடவை படித்தாள். பெருமூச்சு ஒன்று வந்தது. முத்திரைக்குக் கீழே, குறைகள் என்ற கட்டத்தில், அவசரக் கையெழுத்தில் ஒரு வரி இருந்தது. தாளை முகத்துக்கு நேரே கொண்டுவந்து படித்தாள்.

'வலது பக்கம் தேவைக்கு மேல் பார்க்கிறார். ஒவ்வொரு திருப்பத்திலும் மூன்று, நான்கு முறை. குறைத்துக்கொள்ள வேண்டும்.'

"போன தடவை பார்க்கவே இல்லைன்னு எழுதினாங்க" என்றாள் அக்கா. "இந்தத் தடவை என்ன, எதுக்கு அத்தனை தரம் பார்த்தீங்க?"

டெய்லர் சாவியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"ரெண்டு மாசமா உனக்காகப் பார்த்துப் பார்த்து அப்படியே வருது. அங்க நீ ஓட்டலைங்கிறதே ஞாபகமில்ல."

அவள் தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அப்புறம், "குறைச்சுக்கச் சொல்லியிருக்காங்க" என்றாள்.

"சரி" என்றார் அவர்.

இடது பக்கம் ஏறி உட்கார்ந்தாள். அலுவலக வாசலில், ரோட்டில் இறங்குமுன் டெய்லர் வண்டியை நிறுத்தினார். வலது பக்கம் பார்த்தார். திரும்பவும் பார்த்தார். ரோடு காலியாகத்தான் இருந்திருக்கவேண்டும். அக்கா அவசரப்படுத்தவில்லை. அவர் மூன்றாவது தடவையும் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தார்.